கேட்டவருக்குப் பதில் போட்டீர்களா?

கேள்வி: லூசீன் என்ற தேடல் மென்பொருள் நூலகத்தின் தமிழ்ப் பகுதிக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் கிட்ஹப் தளத்தில் ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பினேன். 'ஆறு' என்று தேடினால் 'ஆற்றில்' உள்ள பக்கமும் வர வேண்டும் என்று ஸ்டெம்மர் (சொல்லின் விகுதியை வெட்டி அடிவடிவமாக்கும் பகுதி) நிரலைத் திருத்தினேன். தேடலில் கணக்கில் எடுக்காத ஸ்டாப்வேர்ட் பட்டியலில் மேல, கீழ போன்ற சொற்களையும் சேர்த்தேன். நடுவில் ஒருவர் டெஸ்ட் எங்கே என்று கேட்டார் (திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் நிரல்). தங்கை கல்யாண நேரம், பதில் போடவில்லை. அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தமிழ் என்றால் இவர்களுக்கு இளக்காரமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: தம்பி, இளக்காரம் செய்தது யார்? 'ஒருவர் டெஸ்ட் எங்கே என்று கேட்டார்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் விஷயமே அந்த ஒரு வரிதான். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் நிரலைத் திறந்து படித்துக் கேள்வி கேட்டிருக்கிறார். தங்கை கல்யாணம்தான் முதல் வேலை. அண்ணன்காரன் பந்தலில் நிற்காமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தால் அதற்கும் திட்டியிருப்பேன். மறுவீடு முடிந்த பிறகுமா நேரமில்லை? 'வீட்டில் விசேஷம், அடுத்த மாதம் அனுப்புகிறேன்' என்று ஒரு வரி போட எவ்வளவு நேரம் ஆகும்? மொய் வைத்தவர் பெயரை நோட்டில் எழுதி, அவர் வீட்டு விசேஷத்துக்குத் தேடிப்போய்த் திருப்பிச் செய்கிற ஊர்க்காரர் நீங்கள். உங்களுக்காக நேரம் வைத்தவரை மட்டும் எப்படி மறந்தீர்கள்? இன்றைக்கே அவருக்கு வருத்தம் தெரிவித்து, டெஸ்ட் எப்போது வரும் என்று தேதியோடு எழுதுங்கள்.

அடுத்தது பேட்ச். நீங்கள் திருத்திய தமிழ் ஸ்டெம்மர் ஜாவா கோப்பின் தலையிலேயே அது ஸ்னோபால் (விதிகளிலிருந்து ஸ்டெம்மர் தயாரிக்கும் தனித் திட்டம்) உருவாக்கியது என்று எழுதியிருக்கும். கையால் திருத்தினால் அடுத்த முறை அதை உருவாக்கும்போது உங்கள் மாற்றம் அழிந்துபோகும். அந்தத் திருத்தம் போக வேண்டிய இடம் ஸ்னோபால் திட்டம். அங்கே தமிழுக்கான விதிக்கோப்பு தனியாக இருக்கிறது. மாதிரிச் சொற்களும் அவற்றுக்கு வர வேண்டிய விடைகளும் சேர்த்து அனுப்புங்கள். ஆறு, ஆற்றில், ஆற்றுக்கு மூன்றும் ஒரே வடிவத்தில் முடிய வேண்டும். அந்த வடிவம் அகராதிச் சொல்லாக இருக்க அவசியமில்லை. வெட்டக் கூடாத சொற்களையும் வையுங்கள்: மயில், வெயில், குயில். 'இல்' என்று முடிவதெல்லாம் வேற்றுமை உருபு என்று வெட்டினால் மயில் 'மய்' ஆகிவிடும். தமிழ் படிக்கத் தெரியாத கமிட்டர் (திருத்தங்களைச் சேர்க்கும் உரிமை உள்ளவர்) உங்கள் பேச்சை நம்பிச் சேர்க்க மாட்டார்; இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் சேர்ப்பார்.

லூசீனுக்கு ஸ்டாப்வேர்ட் மாற்றத்தை மட்டும் தனி புல் ரிக்வெஸ்ட்டாக (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்புங்கள். மேல, கீழ இரண்டையும் முதலில் எடுங்கள். மதுரைப் பக்கத்துப் பிள்ளை இதை யோசிக்க வேண்டாமா? அவற்றை நீக்கினால் மேல மாசி வீதியும் கீழ மாசி வீதியும் தேடலில் வெறும் 'மாசி வீதி'. முகவரி தேடுகிறவர் கதி என்ன?

பிறகு மெயின் கிளைமேல் ரீபேஸ், அதாவது திட்டத்தின் இன்றைய நிரல்மேல் உங்கள் மாற்றத்தை மறுபடி பொருத்துவது. ஒரே இடத்தை இருவர் மாற்றினால் வரும் மோதல், முதலில் பெரும்பாலும் மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்சஸ் கோப்பில் வரும், எல்லாரும் அங்கேதான் வரி சேர்க்கிறார்கள். ஜாவா பதிப்பையும் பாருங்கள். லூசீன் 10க்கே 21 வேண்டும். தமிழ் அனலைசரின் (சொற்களைத் தேடலுக்குத் தயாராக்கும் பகுதி) டெஸ்ட் கோப்பில் உங்கள் சொற்களுக்கான சோதனை வரிகளைச் சேர்த்து, நிரலை ஒழுங்குபடுத்தும் கிரேடில் டைடி, சோதனைகளை ஓட்டும் கிரேடில் செக் என்ற இரண்டு கட்டளைகளையும் ஓட்டுங்கள். டெஸ்ட் தோற்றால் திரையில் வரும் சீட் எண்ணை (சோதனையின் தற்செயல் தேர்வுகளைத் தீர்மானிக்கும் எண்)க் குறித்துக்கொண்டு அதையே கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். இல்லையென்றால் அதே பிழை திரும்ப வராமல் ஏமாற்றும்.

இரண்டு வாரம் அசைவில்லை என்றால் அங்கே ஒரு பாட் (தானியங்கி நிரல்) வந்து 'ஸ்டேல்' (கிடப்பில் கிடக்கிறது) என்று முத்திரை குத்தும். ரிவியூவுக்குக் காத்திருந்தால் உருவாக்குநர்களின் 'டெவ்' மின்னஞ்சல் குழுவுக்கு எழுது என்றும் அதுவே சொல்லும். கோபப்படாமல் எழுதுங்கள்: என்ன மாற்றம், எந்தச் சொல்லுக்கு, டெஸ்ட் எங்கே. மூன்று வரி போதும்.

ஸ்னோபாலில் ஏற்றுக்கொண்டாலும் ஸ்டெம்மர் திருத்தம் உடனே லூசீனுக்கு வந்துவிடாது. லூசீன் அந்தப் பதிப்புக்கு மாற வேண்டும். ஏற்கெனவே இன்டெக்ஸ் (தேடலுக்கான சொல்லடைவு) செய்தவர்களிடம் பழைய வடிவம் இருக்கும், தேடல் புதிய வடிவத்தில் போகும், இரண்டும் பொருந்தாது. அவர்கள் எல்லாவற்றையும் மறுபடி இன்டெக்ஸ் செய்தாக வேண்டும். அதனால் இப்படிப்பட்ட மாற்றத்தைப் பெரிய பதிப்பு வரைக்கும் தள்ளிவைப்பார்கள். அதற்கும் சேர்த்துக் காத்திருங்கள்.