பிபி மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்கு எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது, மாத்திரையைப் பாதியாக்கலாமா?

கேள்வியில் சொன்னது: வயது 70. காலையில் பிபிக்கு டெல்மிசார்டன் ஹெச், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரவில் புரோஸ்டேட்டுக்கு ஒரு கேப்ஸ்யூல். கிளினிக்கில் பார்த்தால் பிபி 130/80. ஆனால் விடிந்து எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

நீங்களாகப் பாதியாக்காதீர்கள். அந்த 130/80-ஐ வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது உட்கார்ந்திருக்கும்போது எடுத்தது, தொல்லை வருவதோ நிற்கும்போது. நின்று எடுத்த அளவு கையில் இல்லாமல் டாக்டரும் ஊகம்தான் செய்ய முடியும்.

வீட்டிலேயே எடுக்கலாம். மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின் போதும். காலையில் மாத்திரை போடும் முன் 5 நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து ஒரு அளவு எடுங்கள். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மெஷின் காற்றடித்து இறங்கவே அரை நிமிடம் பிடிக்கும் என்பதால் பொத்தானைக் கொஞ்சம் முன்னதாகவே அமுக்குங்கள். நிற்கும்போது கை தொங்கக் கூடாது. தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டி, இறங்கியதை மறைத்துவிடும். முழங்கையை நீங்கள் தாங்கி, பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கும்படி பிடியுங்கள். பின்னால் கட்டில் இருக்கட்டும். அவருக்குக் கிறுகிறுத்தால் அளவு வரட்டும் என்று காத்திராமல் உட்கார வைத்துவிடுங்கள்.

படுத்திருந்ததைவிட மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால், எழும்போது பிபி இறங்குவதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். கூடவே நாடித்துடிப்பையும் குறியுங்கள், பலர் விட்டுவிடுவது இதைத்தான். பிபி இறங்கும்போது துடிப்பு நன்றாக ஏறினால், உடம்பில் நீரோ ரத்தமோ குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிபி இறங்கியும் துடிப்பு 15 கூட ஏறவில்லை என்றால், பல வருடச் சர்க்கரையால் தன்னியக்க நரம்புகள் (பிபியையும் துடிப்பையும் தானாகச் சரிசெய்பவை) கெட்டிருக்கலாம், அல்லது மெட்டோப்ரோலால், அடினோலால் போன்ற ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை துடிப்பைப் பிடித்து வைத்திருக்கலாம். மூன்று நாள் காலையிலும், மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும் எடுத்துத் தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கள்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் அதைக் கண்டுபிடித்து, சில நொடிகளில் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்துகின்றன. இந்த ஏற்பாட்டில் எந்த இடத்தில் மாத்திரை கைவைக்கிறது என்பதுதான் விஷயம்.

உங்கள் அப்பா விஷயத்தில் என் சந்தேகம் முதலில் பிபி மாத்திரை மேல் போகாது, அந்த இரவு கேப்ஸ்யூல் மேல்தான். டாம்சுலோசின், சிலோடோசின் வகை மருந்துகள் சிறுநீர்ப் பாதையைத் தளர்த்துவதோடு நிற்காமல், ரத்தக் குழாய் சுருங்குவதையும் ஓரளவு தடுக்கும். சிறுநீரகச் சிறப்பு மருத்துவர் எழுதியது என்பதால் பிபி பார்க்கும் டாக்டருக்கு அது தெரியாமலே போவதுண்டு. பிபிக்கே கொடுக்கப்படும் பிரசோசின் இதில் இன்னும் வலுவானது, முதல் வேளையிலேயே ஆளைச் சாய்த்துவிடும். அடுத்த சந்தேகம் அட்டையில் பெயருக்குப் பின்னால் உள்ள அந்த ‘ஹெச்’. அது ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது நீர் பிரிய வைக்கும் மருந்து. வெயில் காலத்திலும், வயிற்றுப்போக்கு வந்த நாளிலும், விரதத்திலும் இதுதான் காலை வாரிவிடும். சோடியத்தையும் குறைக்கும், அதனாலும் தள்ளாட்டம் வரும். தனி டெல்மிசார்டனும் அம்லோடிபினும் இந்தத் தொல்லையைக் கொடுப்பது குறைவு. எனவே டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைக்காமல் மருந்தையே மாற்ற வாய்ப்பு அதிகம். பிபியைக் கட்டுப்பாடில்லாமல் விட்டால் தலைசுற்றல் குறையும் என்பதும் சரியில்லை, நாள்பட்ட உயர் அழுத்தமே அந்த உணரிகளை மழுங்கடிக்கும். குளோனிடின் என்ற பிபி மருந்தோ பீட்டா பிளாக்கரோ எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்தினால் பிபி எகிறிவிடும்.

எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு சீட்டில் ஓடிக்கொண்டிருப்பது நிறைய வீடுகளில் நடக்கிறது. தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் எல்லாமே கணக்கில் வரும். ஹீமோகுளோபின், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், ஈசிஜி பார்க்கச் சொல்வார்கள்.

அதுவரை செய்ய வேண்டியவை. விழித்ததும் எழக் கூடாது. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் இருபது முப்பது தடவை அசைத்து, கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்து, எதையாவது பிடித்தபடி எழ வேண்டும். எழுமுன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிப்பது பலருக்கு ஒரு மணி நேரம்வரை தாங்கும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு கட்டியிருந்தால் இது வேண்டாம். உப்பைக் கூட்டச் சொல்லி அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், பிபி நோயாளிக்கு அதைச் செய்யாதீர்கள். நின்றிருக்கும்போது கண் இருட்டினால் கால்களைக் குறுக்கே வைத்துத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாம், முடியாவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். இரவில் சிறுநீர் போவது உட்கார்ந்தே நடக்கட்டும், கழிவறைத் தாழ்ப்பாள் போட வேண்டாம். வெந்நீர்க் குளியலைச் சூடு குறைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து. மதியம் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் ரத்தம் குடல் பக்கம் போய்விடும், அரைத்தட்டாக்கி மீதியை மூன்று மணிக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

படுக்கையில் புரளும்போதே அறை சுழல்கிறது என்றால் அது காதுக் கோளாறாக இருக்கலாம். வியர்வை, நடுக்கத்தோடு வந்தால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள். மலம் கறுப்பாகப் போவது, நெஞ்சுவலி, படபடப்பு, நினைவு தப்புவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது இவற்றில் எதுவானாலும் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.