விதியைப் படிக்காமல் வந்த ஓவியங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் சிறுவர்களுக்கு இணையவழி ஓவியப் போட்டி நடத்தியது. ஏ4 தாள், வண்ணப் பென்சில் மட்டும், தலைப்பு ‘மழைநாள்’, படத்தில் பெயர் எழுதக் கூடாது என்று அறிவித்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு விதியை மீறியிருந்தன. ஏன் இப்படி? எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: தள்ளாதீர்கள். மீறியவர்களில் பலர் விதிகளைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் குழுவுக்குக் குழு போவது போஸ்டர் மட்டும்தான். தனியாகத் தட்டச்சு செய்த விதிகள் முதல் குழுவிலேயே தங்கிவிடும். இன்ஸ்டாகிராமிலும் முதல் இரண்டு வரிக்குப் பிறகு எல்லாம் மடிந்துகொள்ளும். எந்த விதியை மீறினால் படத்தை நிராகரிப்பீர்களோ அதைப் போஸ்டருக்குள்ளேயே, கடைசித் தேதிக்குப் பக்கத்தில் போடுங்கள். நாலு விதிக்கு மேல் வேண்டாம்.

பெயர் எழுதுவது பள்ளிப் பழக்கம். பள்ளிப் போட்டிகளில் பெயரும் வகுப்பும் படத்தின் ஓரத்தில் எழுதியே பிள்ளைகள் வளர்கிறார்கள். ‘எழுதக் கூடாது’ என்பதை விட, ‘பெயர், வயது தாளின் பின்புறம், முன்புறத்தை மட்டும் படமெடுத்து அனுப்பவும்’ என்பது வேலை செய்யும். வயதுப் பிரிவுக்கும் எந்தத் தேதியில் உள்ள வயது என்று குறிப்பிடுங்கள்.

தலைப்பு தவறுவதுதான் உண்மையான சிக்கல். ஓவிய வகுப்பில் முன்பே வரைந்த ஒரே படம் பல போட்டிகளுக்குப் போகிறது. அனுப்பினாலே சான்றிதழ் உறுதி என்றால் புதிதாக வரைய யாருக்குத் தோன்றும்? தலைப்போடு ஒரு சிறு நிபந்தனை சேருங்கள்: ‘மழைநாள், படத்தில் ஒரு மஞ்சள் குடை இருக்க வேண்டும்’. பழைய படங்கள் தாமாகவே கழிந்துவிடும். பங்கேற்புச் சான்றிதழையும் விதிப்படி வந்த படங்களுக்கு மட்டும் கொடுங்கள்.

பெயர் தெரிவது, மங்கலான படம் போன்றவற்றைத் திருத்தி அனுப்ப இரண்டு நாள் கொடுப்பது நியாயம். பென்சிலுக்குப் பதில் போஸ்டர் கலர் தீட்டிய படத்துக்கு அந்தச் சலுகை கூடாது. விதிப்படி வரைந்த பிள்ளைக்கு அது அநீதி.

கேள்வி: ‘தெளிவான படம் அனுப்பவும்’ என்றுதான் கேட்டோம். வந்தவை மலரில் அச்சிட உதவவில்லையே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ‘தெளிவு’ என்பது அவரவர் கைபேசித் திரையில் தெரிவதுதான். ஏ4 அளவில் நன்றாக அச்சாக 2480 × 3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் புகைப்படம் நீளவாக்கில் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டிய இடத்தில் 137தான் கிடைக்கும். காகித கிளிப் குறியைத் தொட்டு, ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்பச் சொல்லுங்கள், படம் சுருங்காது. கூகுள் படிவத்திலும் கோப்பு கேட்கலாம், ஆனால் கூகுள் கணக்கில் நுழைந்தால்தான் அனுப்ப முடியும். அங்கே தடுமாறுகிறவர்கள்தான் வாட்ஸ்அப்புக்கு வருகிறார்கள். படிவத்தோடு ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுங்கள்.

படமெடுக்கும் முறையையும் எழுதுங்கள்: பகல், ஜன்னலோரம், ஃபிளாஷ் இல்லாமல், தாளைத் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து.

கேள்வி: பெரியவர் வரைந்ததா, ஏஐ வரைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: முடிந்த படத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவதில் பயனில்லை. பென்சில் கோடு, பாதி வண்ணம், முழுப்படம் என மூன்று நிலைப் படங்களை அறிவிப்பிலேயே கேளுங்கள். டிஜிட்டல் ஓவியம் என்றால் புரோகிரியேட், ஐபிஸ்பெயின்ட் போன்ற செயலிகள் வரைவதைப் பதிவு செய்யும். அந்த வீடியோ போதும். போட்டி முடிந்த பிறகு கேட்டால் நேர்மையாக வரைந்த பிள்ளையிடமும் அந்த மூன்று நிலைப் படங்கள் இருக்காது.