சாக்சபோனா, புல்லாங்குழலா, நாதஸ்வரமா? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன் சாக்சபோன்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அவன் அப்பா புல்லாங்குழல் போதும் என்கிறார். தாத்தாவோ, கோயிலில் நாதஸ்வரம் ஒலிக்கும் ஊரில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்கிறார். பத்தாம் வகுப்புப் படிப்பு கெட்டுவிடுமோ, இதை நம்பிப் பிழைக்க முடியுமோ என்பது உங்கள் கவலை. நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் முதலில் கேட்கிறேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் எந்த வாத்தியத்துக்கு நல்ல வாத்தியார் இருக்கிறார்? ஊதும் வாத்தியத்தை யூடியூப் பார்த்து மட்டும் கற்க முடியாது. உதடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, மூச்சு வயிற்றிலிருந்து வருகிறதா, தோள் தூக்குகிறதா என்பதெல்லாம் எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் தெரியும். தப்பாகப் பழகிய உதட்டைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே வாத்தியாரை முதலில் தேடுங்கள், வாத்தியம் பிறகு.

புல்லாங்குழல் செலவில் சிக்கனம், ஆனால் தொடக்கத்தில் சோதிக்கும். முதல் சில நாள் வெறும் காற்றுதான் வரும், சிலருக்குத் தலைகூடச் சுற்றும். கர்நாடகக் குழலில் ஊதும் துளை போக விரலுக்கு எட்டுத் துளைகள். பையனின் விரல் எட்டுமா, எத்தனைக் கட்டைக் குழல், அதாவது எந்தச் சுருதிக் குழல் சரி என்பதை வாத்தியார் முடிவு செய்யட்டும். திருவிழாக் கடைக் குழல் பெரும்பாலும் சுருதி சேராது; அதை வாங்கிக் கொடுத்துவிட்டு 'இவனுக்கு வரவில்லை' என்று சொன்னால் அது பையன் குற்றமல்ல.

சாக்சபோனில் சத்தம் சீக்கிரம் வந்துவிடும். பிள்ளைகளுக்கு அது பிடிப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஆனால் ஆல்டோ சாக்சபோன் இரண்டரைக் கிலோ அளவுக்குக் கனக்கும், கழுத்தில் பட்டை போட்டுத்தான் தாங்க வேண்டும். ரீடு என்னும் மெல்லிய நாணல் சீவலைச் சிறிது நேரம் வாயில் வைத்து நனைத்து, தட்டையான பக்கம் வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸில் படும்படி வைத்து, நுனியோடு நுனி பொருத்தித் திருகாணியை முறுக்க வேண்டும். நுனி ஒரு மயிரிழை பிளந்தாலும் அந்த ரீடு வீண். பெட்டிக்குப் பத்து ரீடு என்று விற்கிறார்கள். வாத்திய விலையோடு முடிந்துபோகாத, தொடர்ந்து வரும் செலவு இது.

கர்நாடக இசையை இதில் வாசிக்க முடியுமா என்று தாத்தா கேட்டால் கத்ரி கோபால்நாத்தைச் சொல்லுங்கள். சுரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிக்கும் கமகம் பேச வேண்டும் என்பதற்காக வாத்தியத்திலேயே மாற்றங்கள் செய்துகொண்டவர் அவர்; 2004இல் பத்மஸ்ரீ பெற்றார். கிளாரினெட்டும் அப்படி வெளியிலிருந்து வந்து நம் கச்சேரி மேடை ஏறியதுதான். ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் கிளாரினெட்டில் ஸ்தாயி மாறினால், அதாவது கீழ்ச் சுரவரிசையிலிருந்து மேல் வரிசைக்குப் போனால், விரல் வைப்பும் மாறும். சாக்சபோனில் பெரும்பாலும் அதே விரல், கட்டைவிரல் கீ மட்டும் கூடுதல். அதனால் புதிதாகத் தொடங்குபவனுக்குச் சாக்சபோனே எளிது.

நாதஸ்வரத்தைத் தாத்தா சொல்கிறார் என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கும் அந்த வாத்தியத்துக்கு மூச்சுப் பலம் நிறைய வேண்டும், வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளி பிடிபடவே நாளாகும். ஆனால் வேலை என்று பார்த்தால் அரசுப் பயிற்சியும் கோயில் பணியிடமும் நேராக இருப்பது இதற்குத்தான். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. கோயில் பணிக்கு அந்த மாதிரிச் சான்றிதழைத்தான் கேட்கிறார்கள். வகுப்பு வழக்கமாகப் பகலில் நடப்பதால் பள்ளிப் படிப்போடு சேர்த்து ஓட்டுவது கடினம், நேரில் போய் விசாரியுங்கள். குறிப்பிட்ட ஒரு மதத்தாருக்கு மட்டுமே உரிய வாத்தியமும் அல்ல இது. ஸ்ரீரங்கத்தில் வாழும் முஸ்லிம் நாதஸ்வரக் கலைஞர்களான காலீஷாபி – ஷேக் மகபூப் சுபானி தம்பதிக்கு 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். கச்சேரி வருமானத்தில் மட்டும் வாழ்பவர்கள் குறைவு. கல்யாண வாசிப்பு முகூர்த்தத்தை நம்பிய தொழில். தை, வைகாசி, ஆவணியில் நிற்க நேரமிருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண அழைப்பு வராது. அந்த இடைவெளியை வகுப்பு எடுத்துத்தான் பலர் நிரப்புகிறார்கள். ஆனால் நிறையப் பெற்றோருக்குத் தெரியாத வழி ஒன்றிருக்கிறது. விமானப்படையும் கடற்படையும் அக்னிவீர் திட்டத்தில் இசைக்கலைஞர்களைத் தனியாக எடுக்கின்றன. சாக்சபோன், கிளாரினெட் வாசிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். நான்காண்டுப் பணிதான், நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். இதைப் பையனிடம் சொல்லிப் பாருங்கள், நீங்கள் நூறு தடவை 'படி' என்பதைவிட வேலை செய்யும்.

சின்ன வயதில் வீசிங் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நானோ வாத்தியாரோ முடிவு செய்யக் கூடாது. அவனைப் பார்த்த டாக்டரிடம், எந்த வாத்தியம் என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். பல்லுக்குக் கம்பி போடும் யோசனை இருந்தால் அதையும் இப்போதே பேசிவிடுங்கள். சாக்சபோனிலும் கிளாரினெட்டிலும் மேல் முன்பல் மவுத்பீஸில் அழுந்தும்.

என் அபிப்பிராயம் கேட்டால், அருகில் சாக்சபோன் வாத்தியார் இருந்தால் பையன் ஆசைப்படியே விடுங்கள். தினமும் அரை மணி நேரம் காது கூசும் சத்தத்தை அவனே பொறுத்துக்கொள்ள வேண்டுமே, அதற்கு ஆசை இல்லாமல் ஆகாது. வாத்தியார் இல்லை, இரண்டு மணி நேரப் பயணம் என்றால் உள்ளூரில் புல்லாங்குழல் தொடங்கட்டும். சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் எல்லாம் எந்த வாத்தியத்துக்கும் பொதுவான பாடம். சுர ஞானம் வந்தபின் வாத்தியம் மாறினால் அதுவரை கற்றது வீணாகாது.

முதல் மூன்று மாதம் சொந்தமாக வாங்க வேண்டாம், வாத்தியாரிடம் இருப்பதில் பழகட்டும். பிறகு செகண்ட் ஹேண்டில் பார்க்கலாம். கடைக்குப் போகும்போது வாத்தியாரையும் அழைத்துப் போங்கள். துளைகளை மூடும் பேடுகளில் ஒன்று கசிந்தாலும் கீழ் ஸ்தாயி சுரம் திணறும். வெளியே எவ்வளவு பளபளத்தாலும் அவர் ஊதிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே பணத்தைக் கொடுங்கள்.