மரவேலை கேள்வி பதில்: முதலில் உட்காருங்கள், பிறகு அறுங்கள்

கேள்வி: வெட்டவெளியில் போட்டுக்கொள்ள மரத்தில் சாய்வு நாற்காலி ஒன்றை நானே செய்ய ஆசை. ஸ்டூலும் அலமாரியும் செய்து பழக்கம் உண்டு. இருக்கை உயரம், முதுகுச் சாய்வு இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் அளவு சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: அதில் உட்காரப் போகிறவரின் உடம்பில் இருந்து எடுங்கள். நான் செய்த முதல் சாய்வு நாற்காலி என் அம்மாவுக்காக. கிடைத்த வரைபடத்தில் இருந்தபடியே இருக்கையின் முன் விளிம்பைத் தரையிலிருந்து 35 சென்டிமீட்டரில் வைத்தேன். அம்மா சாய்ந்ததும் முகம் மலர்ந்தது. எழும்போதுதான் தவறு தெரிந்தது. முழங்கால் வலி உள்ளவர்; அவ்வளவு தாழ்விலிருந்து அவரால் எழ முடியவில்லை. இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. மறுநாளே பக்கச் சட்டங்களைப் புதிதாக அறுத்தேன். முன் விளிம்பை 43-க்கு உயர்த்தி, கைச்சட்டத்தை இருக்கைக்கு முன்னால் நான்கு விரல் நீட்டினேன். அதில் ஊன்றித் தானாக எழுந்தார்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முழங்கால் நன்றாக இருப்பவருக்கு முன் விளிம்பு 36 முதல் 40 சென்டிமீட்டர், பின் விளிம்பு அதைவிட 8 அல்லது 9 தாழ்வாக. ஆழத்துக்கு, அவரைச் சுவரோடு ஒட்டி நாற்காலியில் உட்காரவைத்து, சுவரிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, மூன்று விரல் கழித்துவிடுங்கள். பெரும்பாலும் 45-க்குப் பக்கத்தில் வரும். ஆழம் கூடிப்போனால் முன் பட்டை முழங்காலுக்குப் பின்னால் அழுத்திக் கால் மரத்துப்போகும். அந்த முதல் பட்டையின் மேல் விளிம்பை இழைத்து நன்றாக உருட்டிவிடுவதும் இதற்காகத்தான். இருக்கைக்கும் முதுகுக்கும் இடையே 100 முதல் 105 பாகை. அதற்கு மேல் சாய்த்தால் கழுத்து தானாக முன்னால் வரும். தலைக்கு அணை இல்லாமல் முடியாது.

இந்த எண்களையும் நம்பி நல்ல மரத்தில் வாள் வைக்காதீர்கள். கழித்துப்போட்ட பிளைவுட்டில் இரண்டு பக்கச் சட்டம் வெட்டி, குறுக்கே நாலு பட்டை அடித்து, முதுகை மட்டும் இரு பக்கமும் ஒவ்வொரு போல்ட்டில் நிறுத்துங்கள். கோணத்தை மாற்றிக் கிளாம்பில் இறுக்கி, அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாக் கோணமும் சுகமாகத்தான் இருக்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் 1903-ல் தாமஸ் லீ என்பவர் அகலக் கைச்சட்டம் வைத்த பலகை நாற்காலி ஒன்றை உருவாக்கினார். இன்று அடிரோண்டாக் என்று உலகம் முழுக்கச் செய்யப்படும் நாற்காலிக்கு அதுதான் மூலம். அவரும் ஒவ்வொரு மாதிரியாகச் செய்து வீட்டாரை உட்காரவைத்துப் பார்த்தே வடிவத்தை முடிவு செய்தாராம். எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

மாதிரியில் இன்னொன்றையும் பாருங்கள். சாயும்போது உடல் எடை பின்னால் போகிறது. பின்கால் முதுகுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நாற்காலி மல்லாந்துவிடும். பின்கால் தரை தொடும் இடம் பின்னால் தள்ளி இருக்க வேண்டும்.

கேள்வி: நான் செய்த நாற்காலிக்கு மூன்று கோட் வார்னிஷ் அடித்தேன். இரண்டே மழைக்காலத்தில் கால்களின் அடி மட்கிவிட்டது. ஸ்குருவைச் சுற்றிக் கறுப்புக் கறையும் இருக்கிறது. ஏன்?

பதில்: மரம் என்பது நீட்டுவாக்கில் அடுக்கிய நுண்குழாய்கள். காலின் அடியில் அந்தக் குழாய்களின் வாய் திறந்திருக்கிறது. ஈரத் தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். வார்னிஷில் மேலே எங்கோ ஒரு கீறல் விழுந்தால் அது வழியாகவும் நீர் இறங்கும். இறங்கிய நீர் வெளியே வர வழியில்லை, மரம் உள்ளேயே அழுகும். மட்கிய பகுதியை அறுத்து எறிந்துவிட்டு நல்ல மரத்தில் துண்டு சேருங்கள். கால் அடியில் எபாக்சி பசையைத் தடவி, அது ஊறியதும் மறுபடி தடவி, காய்ந்த பின் ஒரு பிளாஸ்டிக் வில்லை பொருத்துங்கள். கால் தரையில் நேராகப் படக்கூடாது.

கறுப்புக் கறை, இரும்பும் மரத்தில் இயல்பாகவே உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்ததால் வருவது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குருவுக்கு மாறுங்கள். முன்துளை போடாமல் முறுக்கினால் பட்டையின் முனை பிளக்கும்.

பட்டைகளுக்கு நடுவே 8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா? மரம் ஈரத்தில் குறுக்குவாக்கில்தான் உப்பும், நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு. நெருக்கி அடித்த பட்டைகள் ஒன்றையொன்று தள்ளி வளைந்துவிடும். முக்கியமாக இருக்கையும் முதுகும் சேரும் மூலையைப் பாருங்கள். சரிவில் ஓடிவரும் நீர் முழுக்க அங்குதான் சேரும். அங்கே ஒரு விரல் நுழையும் அளவு திறப்பு விடுங்கள். அடுத்த முறை தேக்கிலேயே செய்தாலும் நடுவில் உள்ள கருத்த வைரப்பகுதியாகப் பார்த்து எடுங்கள். ஓரத்து வெளிறிய மரம் சீக்கிரம் மட்கும்.

கேள்வி: அப்படியானால் எண்ணெய் பூசலாமா?

பதில்: பூசலாம். எண்ணெய் உரிந்து போகாது. மங்கியதும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி பூசினால் போதும். பூசாமல் விட்டால் வெயிலில் சாம்பல் நிறமாகும், அது மேற்பரப்பு மாற்றம் மட்டுமே. ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். துணியைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துப் போட்டு, விறைப்பாகக் காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள்.