கானெர்வா சும்மா காத்திருக்கவில்லை

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர். மாலை நேரத்தில் ஒரு கால்பந்து கிளப்பில் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் இடம் இரண்டு முறை காலியானது. இரண்டு முறையும் “கொஞ்ச நாள் நீங்களே பாத்துக்குங்க சார்” என்றார்கள். பிறகு வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்தார்கள். “பின்லாந்து கோச் கானெர்வாவும் உன்னை மாதிரி வாத்தியார்தான். பொறுமையா இருந்தார், தேசிய அணியே கைக்கு வந்தது. நீயும் இரு” என்கிறான் நண்பன். “போதும், கிளப்பை விட்டுட்டு வாங்க” என்கிறாள் மனைவி. யார் பேச்சைக் கேட்பது?
– பெயர் வேண்டாமே, ப்ளீஸ்

பதில்: உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் உங்களுக்குத் தேவை.

மார்க்கு கானெர்வா 1964-இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். ஊர்க்காரர்கள் ‘ரிவெ’ என்பார்கள். ஹெச்.ஜே.கே. கிளப்பிலும் ஸ்வீடனின் எல்ஃப்ஸ்போர்கிலும் தடுப்பாட்டக்காரராக ஆடினார். நாட்டுக்காக 59 ஆட்டங்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர் என்பதும் நிஜம்தான். இவ்வளவு வரை நண்பர் சரி.

அவர் விட்டது 2004-ஐ. அந்த ஆண்டு கானெர்வாவிடம் பின்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணி வந்தது. அது யாருக்கும் துணையாக நிற்கும் வேலை இல்லை. அணியைத் தேர்ந்தெடுப்பதும் தோற்றால் பதில் சொல்வதும் அவர் பாடு. ஆஸ்திரியாவை பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று 2009 ஐரோப்பியப் போட்டிக்கு அந்தப் பையன்களைக் கூட்டிப்போனார். அந்த வயதுப் பிரிவில் பின்லாந்து அதற்கு முன் அந்த இடத்தை எட்டியதே இல்லை. ஸ்வீடனில் நடந்த அந்தப் போட்டியில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள், அது வேறு விஷயம். அந்த அணியின் டிம் ஸ்பார்வ் என்ற நடுக்கள ஆட்டக்காரரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

இனி உங்கள் கதை மாதிரியே போகும். தேசிய அணியின் பயிற்சியாளர் ஸ்டூவர்ட் பாக்ஸ்டர் 2010-இல் நீக்கப்பட்டார். 2011 தொடக்கத்தில் கொஞ்ச காலம் கானெர்வா தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். பதவி மிக்ஸு பாட்டெலைனெனுக்குப் போனது, கானெர்வா துணை. 2015 கோடையில் பாட்டெலைனெனும் போனார், மறுபடி ரிவெ தற்காலிகம். இந்த முறை நான்கு தகுதிச்சுற்று ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கிரீஸை அவர்கள் ஊரிலேயே 1-0 என்று வென்றார். ருமேனியாவோடு அவர்கள் மண்ணில் 1-1. ஆனால் அதற்குள்ளாகவே ஸ்வீடன்காரர் ஹான்ஸ் பாக்கேவிடம் பொறுப்பு போவதென்று முடிவாகிவிட்டது! நன்றாகச் செய்தும் இடம் கிடைக்கவில்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்கு வயிறு எரியும், எனக்கும் எரிந்தது.

2016 முழுக்க பாக்கேவின் அணி ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. ஆண்டு முடிவில் அவரை அனுப்பிவிட்டார்கள், பதவி கானெர்வாவிடம் வந்தது. மேலே இருந்தவர் சறுக்கியதால் வந்த வாய்ப்பு இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பொறுமைக்கு யாரும் பரிசு கொடுக்கவில்லை. பாக்கே நாலு ஆட்டம் ஜெயித்திருந்தால் ரிவெ இன்னும் பெஞ்சிலேயே இருந்திருப்பார்.

ஆனால் வாய்ப்பு வந்தபோது அவர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். தான் வளர்த்த தலைமுறை இருந்தது. 2017-இல் உலகத் தரவரிசையில் 110-ஆவது இடம் வரை சரிந்த அணி அது. அதே ஆண்டு ஐஸ்லாந்தை வென்றது, குரோஷியாவை அவர்கள் ஊரில் 1-1 என்று நிறுத்தியது. நட்சத்திரங்களை வைத்து அல்ல; நெருக்கமாக நின்று தடுத்து, பந்து கிடைத்ததும் முன்கள ஆட்டக்காரர் தேமு புக்கியைத் தேடும் ஆட்டம். பார்க்க அழகாக இருக்காது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் சின்ன நாட்டுக்கு அதுதான் சாமர்த்தியம். யாரி லித்மனென், சாமி ஹூபியா மாதிரி பெரிய பெயர்கள் ஆடிய காலத்திலேயே பின்லாந்து ஒரு பெரிய போட்டிக்கும் தகுதி பெற்றதில்லை. 2019 நவம்பர் 15 அன்று ஹெல்சிங்கியில் லீக்டன்ஸ்டைனை 3-0 என்று வென்று ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியான யூரோவுக்குள் நுழைந்தார்கள். தகுதிச்சுற்றில் புக்கி மட்டும் 10 கோல். அந்த அணியின் கேப்டன்? அதே ஸ்பார்வ்.

யூரோவின் முதல் ஆட்டம், 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் மைதானத்திலேயே மயங்கி விழுந்ததை உலகமே பார்த்தது. அவர் கண்விழித்துவிட்டார் என்று தெரிந்த பிறகு ஆட்டம் தொடர்ந்தது. பின்லாந்தின் யோயல் போயன்பாலோ தலையால் கோல் போட்டார், கோல்கீப்பர் லூகாஸ் ஹ்ராதெட்ஸ்கி பெனால்டியைத் தடுத்தார், பின்லாந்து 1-0. போயன்பாலோ அந்த கோலைக் கொண்டாடவில்லை. அடுத்து ரஷ்யாவிடமும் பெல்ஜியத்திடமும் தோற்று, முதல் சுற்றோடு வெளியேறினார்கள்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன், நண்பர் சொல்லியிருக்க மாட்டார். 2024 மார்ச்சில் வேல்ஸிடம் 4-1 என்று தோற்று அடுத்த யூரோ கைநழுவியது. அந்த ஆண்டு ஐரோப்பிய நாடுகள் மோதும் நேஷன்ஸ் லீகில் இங்கிலாந்து, கிரீஸ், அயர்லாந்து இருந்த பிரிவில் ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. கானெர்வாவின் காலம் அதோடு முடிந்தது. தலைமைப் பதவி கிடைத்தாலும் எட்டு வருஷம்தான். அது கிடைக்காவிட்டால் வாழ்க்கையே வீண் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். “எத்தனை வருஷம் காத்திருக்கலாம்” என்பதை விடுங்கள். “இது என் அணி” என்று சொல்ல உங்களிடம் ஒன்று இருக்கிறதா? கடிதத்தில் எங்கும் தென்படவில்லை. கோன் அடுக்கி, வார்ம்-அப் கொடுத்து, இன்னொருவர் முடிவை நிறைவேற்றிக்கொண்டே இருந்தால் மூன்றாவது முறையும் வெளியாள்தான் வருவார். நிர்வாகத்தைக் குறை சொல்லவும் முடியாது, உங்களைத் தனியாக அவர்கள் பார்த்ததே இல்லையே.

இந்த சீசன் முடிவதற்குள் நிர்வாகிகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். தலைமைப் பதவியைக் கேட்காதீர்கள். 13 வயதோ 15 வயதோ, ஒரு சிறுவர் அணியை முழுப் பொறுப்போடு கேளுங்கள். தேர்வு உங்களுடையது, இரண்டு சீசனுக்கு யாரும் தலையிடக் கூடாது. வாய்வார்த்தை வேண்டாம், எழுதி வாங்குங்கள். கொடுத்தால் நண்பர் பேச்சைக் கேட்டு இருங்கள். மழுப்பினால் வீட்டில் சொல்வதுதான் சரி, வேறு கிளப்பிலோ உங்கள் பள்ளியிலோ அந்த அணியைத் தொடங்குங்கள். இரண்டில் எதுவானாலும் பயிற்சியாளர் லைசென்ஸின் அடுத்த படிக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். பள்ளி வேலையை மட்டும் விடாதீர்கள்.