381 நாள் பஸ் ஏறாத ஊர்: கேள்வி பதில்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கமரி நகரக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை நகரப் பேருந்துகளைப் புறக்கணித்தார்கள். ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண், பேருந்தில் ஒரு வெள்ளைக்காரருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானதில் தொடங்கியது அது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நீளமான கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

சார், ரோசா பார்க்ஸ் கால் வலியால்தான் எழுந்திருக்க மறுத்தார் என்று பள்ளியில் படித்தோம். உண்மையா?

இல்லை. அன்று களைப்பாக இருந்ததால் அல்ல, விட்டுக்கொடுத்தே சலித்துப்போனதால்தான் எழுந்திருக்கவில்லை என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவருக்கு அப்போது 42 வயது. தையல் வேலை செய்தவர்தான், ஆனால் என்ஏஏசிபி என்ற உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு 1943 முதல் செயலாளர். அந்தக் கோடையில்தான் டென்னசியில் போராட்டக்காரர்களுக்கான பயிற்சிப் பட்டறைக்கும் போய் வந்திருந்தார்.

இன்னொன்றும் தவறாகப் பரவியிருக்கிறது. அவர் வெள்ளையர் இருக்கையில் உட்காரவே இல்லை. முன்பக்கம் 10 இருக்கைகள் வெள்ளையருக்கு, பின்பக்கம் கறுப்பினத்தவருக்கு. நடுவில் கறுப்பினத்தவர் உட்காரலாம், ஆனால் ஓட்டுநர் சொன்னால் எழுந்துவிட வேண்டும். ரோசா உட்கார்ந்தது இந்த நடுப்பகுதியில். ஒரே ஒரு வெள்ளைக்காரர் இடமில்லாமல் நின்றார். அவர் ஒருவருக்காக அந்த வரிசையில் இருந்த நான்கு பேரும் எழ வேண்டும்! ஏனென்றால் வெள்ளையர் உட்காரும் வரிசையில், நடைவழிக்கு அந்தப் பக்கம்கூட ஒரு கறுப்பினத்தவர் இருக்கக் கூடாது. மூன்று பேர் எழுந்தார்கள். ரோசா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். அபராதம் 10 டாலர், நீதிமன்றச் செலவு 4 டாலர்.

அவருக்கு முன்பே ஒரு பள்ளிச் சிறுமி கைதானாளாமே? ஏன் அவளை யாரும் தூக்கிப் பிடிக்கவில்லை?

கிளாடெட் கோல்வின். அதே 1955, மார்ச் 2. வயது 15. தலைவர்கள் தயங்கியதற்குக் காரணங்கள் உண்டு: சின்னப் பெண், ஏழைக் குடும்பம், அப்புறம் அவள் கருவுற்றதும் தெரியவந்தது. நகரத்துப் பத்திரிகைகள் அவளைக் கிழித்துப் போட்டிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம், ஆனால் அந்தச் சிறுமிக்கு அது நியாயமாகப்படாது. எனக்கும் படவில்லை. கடைசியில் இருக்கைப் பிரிவினையை ஒழித்த வழக்கில் வாதிகளாக நின்றது கோல்வின் உட்பட நான்கு பெண்கள். ரோசா பார்க்ஸின் பெயர் அதில் இல்லை. அவருடைய மேல்முறையீடு மாநில நீதிமன்றத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் பஸ் இல்லாமல் எப்படி வேலைக்குப் போனார்கள்? மார்ட்டின் லூதர் கிங் பேச்சைக் கேட்டே சமாளித்துவிட்டார்களா?

நல்ல கிண்டல். புறக்கணிப்புக்குத் தலைமை தாங்கிய பாதிரியார் கிங்குக்கு அப்போது 26 வயது, ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வேலையை ஆரம்பித்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரிப் பேராசிரியை. இப்படியே போனால் பஸ்ஸைப் புறக்கணிப்போம் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதியவர். ரோசா கைதான இரவே இரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய், விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை அச்சடித்தார்.

முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிச் சென்றார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி நகராட்சி அதைத் தடுத்தது. அடுத்து கார்கள். சுமார் 300 கார்கள், ஏறும் இடம் இறங்கும் இடம் என்று அட்டவணை. இந்த ஏற்பாட்டை 1953-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்தார் செய்து பார்த்திருந்தார்கள், அவர்களிடமே கேட்டுக்கொண்டார்கள். போலீஸ் சும்மா இருக்குமா? தொட்டதற்கெல்லாம் அபராதச் சீட்டு. கிங்கையே, 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30-இல் போனார் என்று சிறையில் தள்ளினார்கள். கார்களின் காப்பீடு ரத்தானபோது லண்டனின் லாய்ட்ஸ் வழியாகக் காப்பீடு வாங்கினார்கள். நடந்தே போனவர்களும் ஏராளம்.

பெட்ரோலுக்குப் பணம்? இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். ஜார்ஜியா கில்மோர், சமையல்காரர். புறக்கணிப்பை நடத்தியதற்காக கிங் மீது போட்ட வழக்கில் சாட்சி சொன்னதால் வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்றார். பெண்களைச் சேர்த்து கேக், கோழி வறுவல் செய்து விற்று, பணத்தை வாராவாரம் கூட்டத்தில் கொடுத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்பதுதான் பதில். குழுவின் பெயரே அதுதான். கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் அவருக்கும் வேலை போகும். வாங்கிச் சாப்பிட்டவர்களில் வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள்.

தீர்ப்பு வந்துதான் சட்டம் மாறியது. அப்புறம் புறக்கணிப்பால் என்ன பயன்?

பள்ளிப் பிரிவினை செல்லாது என்று 1954-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெற்கில் பெரும்பாலான பள்ளிகளில் ஒன்றும் அசையவில்லை. வெறும் தீர்ப்பு என்றால் கதி அதுதான். வெறும் புறக்கணிப்பும் போதாது. 1956 நவம்பர் 13 அன்று கார் ஏற்பாட்டுக்குத் தடை கேட்டு நகராட்சி போட்ட வழக்கில் கிங் உள்ளூர் நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். தடையும் கிடைத்தது. அதே நாளில்தான் பேருந்துப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. ஒரு மாதம் தள்ளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பயணிகளில் முக்கால்வாசி கறுப்பினத்தவர் என்பதால் பஸ் கம்பெனியும் ஆட்டம் கண்டிருந்தது.

ஒரு கூடுதல் தகவல்: ஆரம்பத்தில் அவர்கள் பிரிவினையை ஒழிக்கவே கேட்கவில்லை. மரியாதையாக நடத்துங்கள், வெள்ளையர் முன்னிருந்தும் நாங்கள் பின்னிருந்துமாக முதலில் வருபவர் உட்காரட்டும், எங்கள் பகுதிக்கு எங்கள் ஓட்டுநரைப் போடுங்கள், அவ்வளவுதான். அதையும் மறுத்த பிறகுதான் 1956 பிப்ரவரி 1 அன்று ஃப்ரெட் கிரே என்ற இளம் வழக்கறிஞர் வழக்குப் போட்டார்.

காந்தியின் பங்கு எவ்வளவு? நம் ஆட்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்களோ?

கொஞ்சம். தொடக்கத்தில் கிங் வீட்டில் துப்பாக்கி இருந்தது. ஜனவரியில் வீட்டில் குண்டு வீசினார்களே, அதற்குப் பிறகு ஆயுத அனுமதிகூடக் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அகிம்சைப் போராளி பேயர்ட் ரஸ்டின் போன்றவர்கள் வந்து பேசிப் பேசித்தான் அகிம்சை கிங்குக்கு முழு வழியானது. 1959-இல் இந்தியா வந்தார், கன்னியாகுமரி வரை போனார். மக்களைக் கட்டிக்காத்த கூட்டங்களும் பாட்டும் அவர்களுடைய சொந்தச் சர்ச் சொத்து.

அதோடு சமத்துவம் வந்துவிட்டதா?

பஸ்கள் மீது துப்பாக்கிச் சூடு, 1957 ஜனவரியில் சர்ச்சுகளில் குண்டு. ரோசாவுக்கு வேலை போய், குடும்பத்தோடு டெட்ராய்ட் போய்விட்டார். பொது இடங்களில் பிரிவினையைத் தடுத்த சட்டம் 1964-இல், வாக்குரிமைச் சட்டம் 1965-இல். பிந்தையதன் முக்கியப் பிரிவு ஒன்றை 2013-இல் உச்ச நீதிமன்றமே செயலிழக்கச் செய்தது. வழக்குப் போட்டது அலபாமாவின் ஒரு மாவட்டம்.

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், சார். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1946 சட்டப்படி அமெரிக்காவில் குடியேற இந்தியாவுக்கு ஆண்டு ஒதுக்கீடு வெறும் 100 பேர். நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம் வாக்குரிமைச் சட்டம் வந்த அதே 1965-இல், அதே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தோல் நிறத்தை வைத்து உள்நாட்டில் பிரிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, பிறந்த நாட்டை வைத்து வாசலில் வடிகட்டுவதை அவர்களால் நியாயப்படுத்த முடியவில்லை.