கடலில் மிதக்கும் பனியாறு பக்கத்து நீரோட்டத்தை மாற்றுமா?

நன்றாகவே மாற்றும். ஆனால் கேள்வி கேட்டவர் நினைப்பதுபோல உருகிவரும் நன்னீர் மட்டும் காரணமில்லை. சில இடங்களில் அந்தப் பனி வழிமறித்து நிற்பதே பெரிய விஷயம். மிதக்கிற பனி உருகினால் கடல்மட்டம் பெரிதாக உயராது என்று எங்கோ படித்துவிட்டு, அத்தோடு கதை முடிந்தது என்று பலரும் போய்விடுகிறார்கள்.

நான் கேப் டவுனில் கடலியல் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அண்டார்க்டிகா பக்கம் போனதில்லை. அங்கே போய்வரும் கருவிகள் என் மேசைக்கு வரும். நீரின் கொந்தளிப்பை அளக்கும் கருவியின் முனை பென்சில் கூர் அளவுதான் இருக்கும், விரல் பட்டாலே போச்சு. அமைதியான கடலில் அது வரையும் கோடு மயிரிழை மாதிரி ஓடும். கலங்கிய நீரில் சிக்கு விழுந்த நூலாகிவிடும்.

அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ நீரிணையில் எரபஸ் பனி நாக்கு இருக்கிறது. பனியாறு கடலுக்குள் நாக்குபோல நீட்டி மிதக்கும் பகுதியைத்தான் பனி நாக்கு என்கிறோம். நிலத்திலிருந்து சுமார் 12 கிமீ கடலுக்குள் நீண்டு மிதக்கிறது. தரையை விடும் இடத்தில் கனம் ஏறக்குறைய 300 மீட்டர், நுனியில் 50 மீட்டர்தான். பக்கங்கள் ரம்பப் பல் போல இருக்கும். ஓதம் ஏறி இறங்கும்போது நீர் இதில் மோதி, அடியில் நுழைந்து, நுனியைச் சுற்றி வேகமெடுக்கிறது. பின்னால் சுழல்கள் கழன்று போகின்றன. உறைந்த கடற்பரப்பில் துளை போட்டுக் கருவி இறக்கிப் பார்த்தபோது, நுனிக்கு அருகில் நீர் கலப்பது திறந்த நீரைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அந்த நுனியும் நிலையானது இல்லை: 1911-இலும் 1990-இலும் துண்டுகள் உடைந்து போயிருக்கின்றன.

அடுத்து வெப்பநிலை. கடல்நீர் மேற்பரப்பில் சுமார் -1.9 டிகிரியில் உறையும். ஆழம் போகப்போக அழுத்தத்தால் உறைநிலை குறையும், ஆயிரம் மீட்டருக்கு முக்கால் டிகிரி அளவில். அதனால் மேலே உறையும் நிலையில் இருக்கிற நீர்கூட, கீழே போய்ப் பனியின் அடியைத் தொட்டால் அதை உருக்கும். உருகிய கலவை உப்பு குறைந்து லேசாகி, பனியின் அடிச்சரிவை ஒட்டி மேலேறும், வழியில் பக்கத்து நீரையும் இழுத்துக்கொள்ளும். மேலே வர வர அழுத்தம் குறைவதால், அதே நீர் அங்குள்ள உறைநிலைக்கும் கீழே போய்விடும். அப்போது நீரிலேயே பனித் தகடுகள் முளைக்கும். மெக்மர்டோவில் தொங்கவிட்ட கயிற்றில் பனி இதழ் இதழாக ஒட்டிக்கொள்வது இதனால்தான். கருவிக்காரனுக்குப் பெரிய தலைவலி.

வழிமறித்து நிற்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் அண்டார்க்டிகாவின் டிரைகால்ஸ்கி பனி நாக்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்: துறைமுக வாய்ச் சுவர் வடக்கே போகும் மணலைத் தடுப்பதால், வடக்குக் கடற்கரைகளுக்கு மணலைக் குழாயில் அள்ளி அனுப்ப வேண்டியிருக்கிறது இல்லையா? டிரைகால்ஸ்கியும் அப்படியே தெற்கிலிருந்து மிதந்துவரும் கடற்பனியைத் தடுக்கிறது. மலையிலிருந்து இறங்கும் கடுங்காற்று புதுப் பனியைத் தள்ளிக்கொண்டே இருப்பதால், அதன் வடக்கே உள்ள டெரா நோவா விரிகுடாவில் குளிர்காலத்திலும் திறந்த நீர் இருக்கிறது. திறந்த நீர் மறுபடி மறுபடி உறைகிறது, உறையும்போதெல்லாம் உப்பைக் கழிக்கிறது. உப்பேறிய கனத்த நீர் அடியில் இறங்கி, அண்டார்க்டிகாவின் அடித்தள நீருக்கு, அதாவது ஆழ்கடல் தரையில் பரவும் குளிர்ந்த நீருக்கு, பங்களிக்கிறது.

சுவர் போனால்? கிழக்கு அண்டார்க்டிகாவின் மெர்ட்ஸ் பனி நாக்கில் 2010 பிப்ரவரியில் அது நடந்தது. பி-9பி என்ற பழைய பனிப்பாறை இடிக்க, ஏறக்குறைய 78 கிமீ நீளத் துண்டு பெயர்ந்தது. அதன் மறைவில் இருந்த திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. அங்கே உருவாகும் கனத்த நீரின் உப்பும் அடர்த்தியும் குறைந்தன.

எங்கள் தென்னாப்பிரிக்க ஆய்வுக் கப்பல் எஸ்.ஏ. அகுலாஸ் 2 சரக்கு இறக்கும் ஃபிம்புல் பனித்தட்டிலும் (நிலத்தோடு ஒட்டிக் கடலில் மிதக்கும் பெரிய பனிப்பரப்பு) ட்ரோல்டுங்கா என்ற நாக்கு இருந்தது. மேற்கே ஓடும் கரையோர நீரோட்டத்துக்கு நேர் குறுக்கே நீண்டிருந்தது. 1967-இல் உடைந்து போய்விட்டது.

“இதனால் நம்மூர் கடலுக்கு என்ன?” என்றும் கேட்டிருந்தீர்கள். டர்பனை ஒட்டி ஓடும் அகுலாஸ் நீரோட்டம் வெப்பமண்டலத்திலிருந்து வருவது, ஒரு பனி நாக்கு உடைந்ததால் அது குளிராது. ஆனால் கேப் டவுனுக்கு மேற்கே ஆழ்கடலின் அடியில் கிடக்கும் குளிர்ந்த நீர் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டல் கடல் பக்கத்திலிருந்து வருவது. தாக்கத்தை அந்த ஆழத்தில்தான் பார்க்க வேண்டும், கடற்கரையில் இல்லை.